வேலுச்சாமியின் ரப்பர் சட்டை

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது, தண்ணீருக்குள் போட எந்த டிரைசூட் வாங்கலாம் என்பதுதான். யார் போடப்போகிறார், எந்தத் தண்ணீரில் இறங்கப்போகிறார் என்று நான் திருப்பிக் கேட்டால் உங்கள் முகம் வாடிவிடுகிறது. எனக்கு வேறு பதில் தெரியாது. நான் டைவர் இல்லை. டைவருக்கு உடை மாட்டிவிட்டு, மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன். உங்களில் பாதிப் பேர் செய்யப்போவதும் அந்த வேலைதான் என்பதால், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கடலே இல்லாத திருப்பூரில் டைவருக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். எண்பதுகளில் மோட்டார் விழுந்தாலும், மாடு விழுந்தாலும், மனிதர் விழுந்தாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். மனிதர்கள்தான் அதிகம் விழுந்தார்கள்.

எங்கள் முதலாளி கடற்படையில் டைவராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். ஒரு காது கேட்காது. நான் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். அந்தக் கம்பெனியை மூடியபோது, அளவெடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அவர் என்னைச் சேர்த்துக்கொண்டார். டைவர்களில் ஒருவர் என்னைக் கடைசிவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார், மற்றவர் அண்ணாச்சி என்றார்.

டைவர்கள் இரண்டு பேர். ஒருவர் வேலுச்சாமி. நெசவுக் குடும்பம், முருகன் என்றால் உயிர். நல்ல உயரம், அகன்ற தோள். இன்னொருவர் ஆரோக்கியம். தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளித்த குடும்பத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர். குள்ளமான, ஒல்லியான உடம்பு. தண்ணீருக்குள் மீன் மாதிரிப் போவார்.

தொண்ணூறுகளில் சாயப்பட்டறைகள் பெருகின. கிணற்றுத் தண்ணீர் ஒரு வாரம் நீலமாக இருக்கும், அடுத்த வாரம் கறுப்பாக இருக்கும். அதுவரை டைவர்கள் சாதாரண ஸ்பாஞ்சு ரப்பர் உடையில்தான் இறங்கினார்கள். அது தண்ணீரை உள்ளே விட்டு, உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீருக்கு அது சரி. சாயத் தண்ணீரை உடம்போடு ஒட்டவைத்து ஊறவைத்தால் என்ன ஆகும்? வேலுச்சாமியின் இடுப்பிலும் தொடையிலும் புண் வந்தது. ஆற ஆற மறுபடி வந்தது. ஒருநாள் அவர் உடையைக் கழற்றியபோது தோலும் சேர்ந்து உரிந்தது. அதைப் பார்த்த முதலாளி, தண்ணீரே உள்ளே வராத டிரைசூட் வாங்கிவரச் சொல்லி என்னைப் பம்பாய்க்கு அனுப்பினார்.

அங்கே கப்பல் சாமான்கள் விற்கும் ஒரு சந்தில் இரண்டு சூட்டுகள் இருந்தன. ஒன்று ஸ்பாஞ்சில் செய்தது. கிட்டத்தட்டப் புதிது, மெத்தென்று இருந்தது. மற்றது வழவழப்பான முழு ரப்பர். பழையது, முழங்காலில் ஒட்டுப் போட்டிருந்தது. கடைக்காரர் புதியதையே எடுத்து எடுத்துக் காட்டினார். நான் ஊரிலிருந்து ஒரு பாட்டிலில் சாயக்கழிவு கொண்டுபோயிருந்தேன். இரண்டு ரகத்திலும் ரிப்பேருக்கு வைத்திருந்த துண்டுகளை வாங்கி அதில் ஊறப்போட்டேன். டீ குடித்துவிட்டு வந்து கழுவிப் பார்த்தால், ஸ்பாஞ்சுத் துண்டு சாயத்தைக் குடித்திருந்தது. பிழியப் பிழியச் சிவப்பு வந்தது. வழவழப்பான துண்டு ஒரே துடைப்பில் சுத்தமாகிவிட்டது. பழையதைத்தான் வாங்கிவந்தேன். எங்களுக்குள் அதன் பெயர் ரப்பர் சட்டை.

அதை வேலுச்சாமியின் உடம்புக்கு ஏற்றபடி ஆக்கினேன். உள்ளே போடும் கதகதப்பு உடையை முதலில் நம்மூர் பருத்தித் துணியிலேயே தைத்தேன். வியர்வை ஊறி, வெயில் நாளிலேயே அவருக்குக் குளிர் நடுக்கம் வந்துவிட்டது. பிறகு எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய பாலியெஸ்டர் பிளீஸ் என்ற புசுபுசுத் துணியில் வெள்ளையாக ஒன்று தைத்தேன். அந்த உள்ளுடையோடு சேர்த்துத்தான் சூட்டின் அளவைப் பார்க்க வேண்டும். உட்கார வேண்டும், கையைத் தலைக்குமேல் தூக்க வேண்டும், தன்னைத்தானே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கும் இழுக்கக் கூடாது, எங்கும் பை மாதிரித் தொங்கவும் கூடாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீரைத் தடுக்கிற மெல்லிய ரப்பர் பட்டைகளை அவருடைய கழுத்துக்கும் கைக்கும் தக்கபடி வளையம் வளையமாக வெட்டினேன். அதிகம் வெட்டிவிட்டால் திரும்ப ஒட்டமுடியாது. வெட்டி முடித்த அன்றிலிருந்து அந்தச் சட்டை வேலுச்சாமிக்கு மட்டும்தான் பொருந்தும்.

ஆரோக்கியம் அதை நம்பவில்லை. மூலனூர்ப் பக்கம் ஒரு முருங்கைத் தோட்டத்துக் கிணற்றில், நல்ல தண்ணீரில், ஆசைக்கு ஒருதடவை அதைப் போட்டுக்கொண்டு இறங்கினார். சற்றுக் கீழே போனதும் கயிறு தாறுமாறாக இழுபட்டது. எட்டிப் பார்த்தால் இரண்டு கால்களும் மேலே வருகின்றன. தொளதொளத்த சட்டைக்குள் இருந்த காற்றெல்லாம் காலுக்குப் போய், கால் பலூன் மாதிரி உப்பி, ஆளைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டது. சட்டையோடு ஒட்டியிருக்கும் பூட்ஸிலிருந்து பாதம் கழன்றுவிட்டதால் உதைத்துத் திரும்பவும் முடியவில்லை. எல்லோரும் சேர்ந்து இழுத்து வெளியே போட்டோம். ஆரோக்கியம் முதலில் சிரித்தார். பிறகு வாய்க்காலோரம் போய் வாந்தியெடுத்தார். தோட்டத்துக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். கதை அதோடு முடிந்தது என்று அன்று நினைத்தோம்.

வேலுச்சாமிக்குச் சின்னப் பெண் குழந்தை ஒன்று உண்டு. அதற்கு அடிக்கடி வலிப்பு வரும். கோயம்புத்தூர்வரை கொண்டுபோய்க் காட்டினார்கள். நிற்கவில்லை. அந்த வருடம் கார்த்திகையில் அவர் பழனிக்கு வேண்டிக்கொண்டு தாடி வளர்த்தார். தைப்பூசத்துக்கு நடந்துபோய், அங்கே முடியிறக்கி, காவடி எடுப்பதாக வேண்டுதல். சாயத் தண்ணீரில் இறங்க முகம் முழுவதையும் மூடி, சிலிண்டர் காற்றைத் தருகிற மாஸ்க் போடவேண்டும். தாடி இருந்தால் தாடைக்குக் கீழே அது ஒட்டாது. மூச்சை உள்ளே இழுக்கும்போது கழிவும் கூடவே வரும். அதனால் பூசம் முடியும்வரை கழிவுத் தண்ணீர் வேலை எதையும் எடுப்பதில்லை என்று முதலாளியே சொல்லிவிட்டார். வேலுச்சாமி நல்ல தண்ணீர்க் கிணறுகளில் மட்டும் இறங்கிவந்தார்.

பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளி காது ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு காலை மங்கலம் ரோட்டிலிருந்து ஒரு ஜீப் வந்தது. கிணற்றில் ஆள் விழுந்துவிட்டார், உடனே வாருங்கள் என்றார்கள். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் மூவரும் சாமான் வேனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனோம்.

போன பிறகுதான் தெரிந்தது. ஒரு காலத்தில் தோட்டத்துக் கிணறாக இருந்ததை ஒரு சாயப்பட்டறை கழிவு சேர்க்கிற தொட்டியாக வைத்திருந்தது. மேலே பாதியை மூடிக் காங்கிரீட் போட்டிருந்தார்கள். அழுகிய முட்டை வாடை வேன் கதவைத் திறக்கும்போதே அடித்தது. அடைத்துக்கொண்ட பம்ப்பைச் சரிபார்க்கக் கருப்பணன் என்ற தொழிலாளி இரும்புப் படியில் இறங்கியிருக்கிறார். பாதியிலேயே கை நழுவி உள்ளே விழுந்திருக்க வேண்டும். தீயணைப்புக்காரர்கள் கொக்கி போட்டுத் தேடிப் பார்த்துவிட்டு, விஷவாயு இருக்கிறது என்று கூட்டத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பம்ப் மோட்டார் கருகிவிட்டது. லாரி கொண்டுவந்து கழிவை இறைப்பதென்றால் மறுநாள் ஆகும் என்றார்கள்.

கூட்டத்தில் ஒருவர், பம்ப்புக் குழாயில் யாரோ தட்டுகிற சத்தம் கேட்டதாகச் சொன்னார். கிணற்றின் பக்கவாட்டில் பழைய குடைவு ஒன்று உண்டாம், அதற்குள் ஏறி உட்கார்ந்திருக்கலாமாம். நான் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாயில் காதை வைத்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவர் கேட்டது கேட்டதுதான் என்றார்.

பட்டறை மேனேஜர் என்னிடம் ஓடிவந்தார். “உங்ககிட்ட அந்த ரப்பர் சூட் இருக்குதல்லங்க? மாட்டி இறக்குங்க. எதுக்கு நின்னு பார்த்துட்டிருக்கீங்க?”

“சட்டை அளவான ஆளுக்குத் தாடி இருக்குதுங்க. தாடி இல்லாத ஆளுக்குச் சட்டை அளவில்லீங்க,” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. புரியவைத்தபோது அவர் முகம் மாறியது. சுற்றி நின்றவர்களுக்கும் அது காதோடு காதாகப் பரவியது. எல்லாக் கண்களும் வேலுச்சாமியின் முகத்துக்குப் போயின. அவர் காவி வேட்டியும் துளசி மாலையுமாக வேன் சக்கரத்தருகே தலைகுனிந்து நின்றார்.

“அண்ணாச்சி, நான் போறேன்,” என்று ஆரோக்கியம் தன் மேல்சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். “கையிலயும் கழுத்துலயும் டேப்பை இறுக்கிச் சுத்தி விடுங்க. சட்டுனு போயிட்டு வந்துருதேன்.”

நான் வாயால் மறுக்கவில்லை. அவருக்கு உடையை முழுதாக மாட்டினேன். அவரும் பார்க்கட்டும், கூட்டமும் பார்க்கட்டும் என்றுதான். கழுத்துப் பட்டைக்குள் என் விரல்கள் தாராளமாகப் போயின. மணிக்கட்டிலும் அப்படித்தான். உட்காரச் சொன்னேன். முழங்காலுக்குக் கீழே ரப்பர் மூட்டையாக மடிந்தது. எழுந்து நடக்கச் சொன்னேன். பூட்ஸ் ஒருபக்கம் போனது, பாதம் ஒருபக்கம் போனது.

“கழட்டு,” என்றேன்.

“மூலனூர்ல நான் சாகலியே அண்ணாச்சி.”

“அது நல்ல தண்ணி. நீ தலைகீழா நின்னது எங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது. இங்க நீ கவுந்தாலும் தெரியாது. கழட்டு.”

“போறது என் உசுரு. ஒங்களுக்கு என்ன?”

“கயிறு என் கையில இருக்கு. அதான் எனக்கு.”

அவர் கோபத்தில் சூட்டைக் கழற்றித் தரையில் போட்டார். கூட்டத்தில் சத்தம் எழுந்தது. யாரோ ஒரு கல்லை வேன் மேல் எறிந்தார்கள். நரைத்த மீசைக்காரர் ஒருவர் முன்னால் வந்து, “மசுருக்காக ஒரு உசுர உடறீங்களாடா?” என்று கத்தினார். அவர் கருப்பணனுக்குச் சித்தப்பா என்று பிறகு தெரிந்தது. அவர் கத்தியதில் தவறில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கத்தியிருப்பேன்.

வேலுச்சாமி என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார். நான் சொல்லவில்லை. என்னை வேலைக்குச் சேர்த்த அன்றே முதலாளி ஒன்று சொல்லியிருந்தார். “இறங்க வேண்டாம்னு சொல்ற அதிகாரம் உனக்கு உண்டு. நானே வந்து கேட்டாலும் நீ வேண்டாம்னு சொல்லலாம். ஆனா இறங்குனு சொல்ற அதிகாரம் உனக்கில்லை. எனக்கே இல்லை. அதை இறங்கறவன்தான் சொல்லணும்.” அதை நான் அதுவரை ஒரு நல்ல வாசகம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று, அந்தக் கண்கள் என்மேல் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தது. “செரைச்சுக்க வேலு, முருகன் மன்னிப்பான்” என்பது நாக்கு நுனிவரை வந்தது. முருகன் சார்பில் பேச நான் யார்? குழந்தை என்னுடையதும் அல்ல.

அப்போது கருப்பணனின் மனைவியை அழைத்துவந்தார்கள். சரசுவதி என்று பெயர். மண்ணரையில் ஒரு கம்பெனியில் பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவரை அப்படியே கூட்டிவந்திருந்தார்கள். சேலையெல்லாம் நூல் துணுக்குகள். யாரோ அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். அவர் கிணற்றுப் பக்கம் போகவில்லை. நேராக வேலுச்சாமியிடம் வந்தார். காலில் விழப்போகிறார் என்று நினைத்தேன்.

“ஏனுங்க, தாடி யாருக்குங்க வளர்த்தறீங்க?” என்று கேட்டார்.

“பாப்பாவுக்குங்க. வலிப்பு வருதுங்க.”

“எத்தனை வயசுங்க?”

“இப்பத்தானுங்க மூணு முடிஞ்சுது.”

அவர் முந்தானையில் ஒட்டியிருந்த ஒரு நூலைக் கிள்ளிப் போட்டார். பிறகு, “எடுக்காதீங்க,” என்றார். “இங்க வந்து நின்னதுக்கே எனக்குத் தலை சுத்துதுங்க. அவரு காத்தாலயே உள்ள போயிட்டாரு. இருப்பாருன்னு நான் நெனைக்கலீங்க. போனவருக்காக உங்க பாப்பா வேண்டுதலைக் கெடுத்துக்காதீங்க.”

சொல்லிவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கத்திக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப்போனார்கள்.

வேலுச்சாமி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாட்ச்மேன் அறைக்குப் போய் பிளேடும் சோப்பும் வாங்கிவந்தார். பழனி இருக்கிற தெற்குத் திசையைப் பார்த்துக் கைகூப்பினார். துளசி மாலையைக் கழற்றி வேன் கண்ணாடியில் மாட்டினார். குப்புறக் கிடந்த ஒரு சாய டிரம் மேல் உட்கார்ந்து பிளேடை என்னிடம் நீட்டினார்.

“நீங்க எடுத்து உடுங்க மாஸ்டருங்க.”

“வேலு, நான் சொல்லலை.”

“நீங்க சொல்லலீங்க.”

வேனில் நான் வைத்திருந்த பிசிறு வெட்டுகிற கத்தரியால் முதலில் தாடியைக் குறைத்தேன். குடிக்கிற தண்ணீரை ஊற்றிச் சோப்புப் போட்டு மழித்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். ஓரங்களில் தண்ணீர் வழிந்தது. மயிரைக் கீழே விழாமல் ஒரு துண்டில் சேர்த்துக்கொண்டேன். தாடைக்குக் கீழே ஓரிடத்தில் பிளேடு லேசாகக் கீறிவிட்டது. கழிவுத் தண்ணீருக்கு அதுவும் ஒரு வாசல்தான். வாஸ்லினைக் கனமாக அப்பினேன்.

உடை மாட்டும்போது கூட்டம் மறுபடி அவசரப்படுத்தத் தொடங்கியது. மேனேஜர், “இன்னும் எதுக்குங்க உட்கார வெச்சு எழுப்பறீங்க?” என்று பதறினார். நான் ஒவ்வொரு நாளும் செய்வதை அன்றும் செய்தேன். உட்காரச் சொன்னேன். கையைத் தூக்கச் சொன்னேன். விரதத்தில் அவர் மெலிந்திருந்தார். கழுத்துப் பட்டையை இருமுறை தடவிப் பார்த்தேன். பிடிப்பாகவே இருந்தது. மெலிந்த இடுப்பில் மட்டும் ரப்பர் தொய்ந்தது. அங்கே ஒரு பட்டையைச் சுற்றிக் கட்டினேன். மாஸ்க்கை மாட்டி மூச்சை இழுக்கச் சொன்னேன். அது முகத்தில் கப்பென்று ஒட்டியது. அதன் பிறகுதான் வழி விட்டேன்.

உங்களுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த நேரத்தில் பார்க்காமல் விடுகிற ஒன்றைப் பிறகு போய்ப் பார்க்க முடியாது. சுற்றி நின்று கத்துகிறவர்கள் யாரும் கயிற்றைப் பிடிக்கப்போவதில்லை.

அவர் இறங்கினார். கறுப்புத் தண்ணீர் தலைக்குமேல் மூடியது. கையில் கயிறு மட்டும் மிஞ்சியது. மெதுவாக ஓடியது, நின்றது, பக்கவாட்டில் நகர்ந்தது. பழைய குடைவைத் தேடுகிறார் என்று புரிந்தது. திரும்ப நடுவுக்கு வந்தது. பிறகு ஒரே இடத்தில் வெகுநேரம் சின்னச் சின்னதாக நடுங்கிக்கொண்டிருந்தது. கீழே ஏதோ முடிச்சை அவிழ்ப்பதுபோல இருந்தது. நான் கயிற்றை இழுத்து, நலமா என்று கேட்டேன். நலம் என்று பதில் இழுப்பு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, சடலத்துக்கான இரண்டாவது கயிறு அசைந்தது. ஆரோக்கியமும் தீயணைப்புக்காரர்களும் இழுத்தார்கள். கருப்பணன் வந்தார். அவரை நான் வர்ணிக்கப்போவதில்லை. சரசுவதி எழுந்து வந்து தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். சேலை சிவப்பாயிற்று. அது ரத்தமில்லை, சாயம்.

வேலுச்சாமி மேலே வந்ததும், மாஸ்க்கைக் கழற்றாமலே நல்ல தண்ணீரால் தலையோடு கழுவினோம். கழற்றியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “மாஸ்டருங்க, இன்னொருத்தர் இருக்காருங்க.”

மேனேஜர் அங்கேயே மறுத்தார். “எங்க ஆளுங்க எல்லாரும் இருக்காங்க. எண்ணிப் பார்த்தாச்சு. ஒருத்தருதான் உள்ள போனாரு.”

வேலுச்சாமி அவர் பக்கமே திரும்பவில்லை. என்னிடம் மெல்லச் சொன்னார். “ஒண்ணும் தெரியலீங்க, தடவித்தான் பார்த்தேன். கருப்பணன் சட்டையை ஒரு கை புடிச்சிருந்துதுங்க. நான்தான் ஒவ்வொரு விரலா பிரிச்சேன். இவரை மேல ஏத்தோணும்னு பிரிச்சேன். அது நழுவிக் கீழ போயிருச்சு. இன்னொருக்கா இறங்கறேன்.”

அவர் கையை வாங்கிப் பார்த்தேன். வலது மணிக்கட்டுப் பட்டையில், இரும்புப் படியில் உரசியிருக்க வேண்டும், ஒரு கிழிசல். சூட்டைக் கழற்றினால், நான் தைத்த வெள்ளை உள்ளுடை முழங்கைவரை சிவந்திருந்தது. கை தடித்துக் கொப்பளிக்கத் தொடங்கியிருந்தது.

“வேண்டாம்,” என்றேன்.

“டேப்பைச் சுத்துங்க.”

“ஆரோக்கியத்துக்குச் சுத்தாத டேப்பை உனக்கும் சுத்தமாட்டேன்.”

அவர் எழுந்து என் சட்டையைப் பிடித்தார். அதுவரை என்னிடம் ஒரு சொல் குரலுயர்த்திப் பேசியதில்லை. “தாடியை எடுத்துட்டு இறங்குனது எதுக்குங்க? பாதியில உட்டுட்டு வர்றதுக்குங்களா? யாராவது வந்து தூக்குவாங்கன்னு நம்பித்தான அவரு புடிச்சிருந்தாரு?”

ஆரோக்கியம்தான் வந்து அவர் கைகளை விடுவித்து, தோளோடு அணைத்துக் கூட்டிப்போனார்.

மறுநாள் லாரிகள் வந்து கழிவை இறைத்தன. அடிச்சேற்றில் இன்னொருவர் கிடந்தார். அந்தப் பட்டறை ஆள் அல்ல. பக்கத்துப் பட்டறையில் மூட்டை தூக்க வந்த வடக்கத்தி இளைஞர். காலையில் வேலியோரம் நின்றவர், கருப்பணன் விழுந்ததைக் கண்டு ஓடிவந்து இறங்கியிருக்க வேண்டும். மற்றவர்கள் வருவதற்குள் அவரும் உள்ளே போய்விட்டார். புதிதாக வந்தவர் என்பதால் அவரை யாரும் தேடவில்லை. பையா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவரோடு தங்கியிருந்த ஒருவர் சடலத்தருகே உட்கார்ந்து இந்தியில் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். அது எங்களில் யாருக்கும் புரியவில்லை.

இருவரும் அந்த வாயுவிலேயே மூர்ச்சையாகி, விழுந்ததும் இறந்துவிட்டார்கள் என்று டாக்டர் சொன்னார். நாங்கள் வேனில் வந்துகொண்டிருந்தபோதே எல்லாம் முடிந்திருக்கும் என்றார். ஆரோக்கியத்தை இறக்கியிருந்தாலும், தாடியோடு வேலுச்சாமியை இறக்கியிருந்தாலும் யாரும் பிழைத்திருக்கமாட்டார்கள், ஒருவர் கூடுதலாகச் செத்திருப்பார். இதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் குழாயில் தட்டும் சத்தம் கேட்டது என்று சொன்ன மனிதர் கடைசிவரை தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

முதலாளி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் கேட்டார். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. மணிக்கட்டுப் பட்டையை மாற்றச் சொன்னார். ஆரோக்கியத்தின் அளவுக்கு இன்னொரு சூட் வாங்க என்னை மறுபடி பம்பாய்க்கு அனுப்பினார். அதன் பிறகு எங்களிடம் ஒரே சூட்டை நம்பி வேலை எடுக்கிற வழக்கம் இல்லை. நீங்களும் எடுக்காதீர்கள்.

வேலுச்சாமி பூசத்துக்குப் பழனிக்கு நடந்துதான் போனார். துண்டில் முடிந்து வைத்திருந்த தாடி மயிரை எடுத்துப்போனார். தலைமுடி இறக்கினார், காவடியும் எடுத்தார். திரும்பி வந்து தண்ணீர் வேலையே வேண்டாம் என்று சொல்லி, ஒரு நிட்டிங் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

ஒரு வருடம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் பாயை விரித்துப் போட்டார். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் வலிப்பு வந்து ஓய்ந்த தூக்கம். நிற்கவில்லையா என்று கேட்டேன்.

“இல்லீங்க. முன்ன மாதிரியேதான் வருது. ஒவ்வொரு தடவை வரும்போதும் எங்கம்மா பாப்பாவைப் பார்க்கறதில்லீங்க. என்ற மூஞ்சியைத்தான் பார்க்குது.”

நான் பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த கோரையை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

“அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க மாஸ்டரு,” என்றார் அவர். குரலில் கோபமில்லை. “எடுத்துரு வேலுன்னு ஒரே ஒரு வார்த்தை. பழியை உங்க மேல போட்டுட்டு நானும் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.”

“இப்பப் போட்டுக்க. நான்தான் எடுக்கச் சொன்னேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு. கேட்டா ஆமான்னு சொல்றேன்.”

அவர் மழித்த தாடையைத் தடவிக்கொண்டார்.

“அன்னைக்கு ஊட்டுக்குப் போனதும் அப்படித்தானுங்க சொன்னேன். மாஸ்டர் சொன்னாரு, அதான் எடுத்தேன்னு. அம்மா நம்பலீங்க. அந்த மனுசன் யாரையும் இறங்குனு சொல்லமாட்டாரே, நீயாத்தான் எடுத்திருப்பேன்னு சொல்லிருச்சு.”

உள்ளே குழந்தை சிணுங்கியது. அவர் எழுந்து போனார்.